‘ஷார்ப்பன்’ பொத்தான் படத்துக்குள் என்ன செய்கிறது?

தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தை மாலை வெயிலில் படமெடுத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கேமராவின் சிறிய திரையில் ஒவ்வொரு சிற்பமும் பளிச்சென்று இருந்தது. வீட்டுக்கு வந்து கணினியில் பெரிதாக்கிப் பார்த்தால் கல்லின் விளிம்புகள் லேசாக மழுங்கித் தெரிகின்றன. ஃபோகஸ் சரியாகத்தான் விழுந்திருக்கிறது, கை நடுங்கவில்லை, லென்ஸும் சுத்தமாக இருக்கிறது. ஆனாலும் படம் முழுவதும் ஒரு மென்மை படர்ந்திருக்கிறது. படம் திருத்தும் மென்பொருளைத் திறந்து, படத்தைக் கூர்மையாக்கும் ‘ஷார்ப்பன்’ எங்கே இருக்கிறது என்று நாம் தேடத் தொடங்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

இந்த மென்மைக்கான காரணம் டிஜிட்டல் கேமராவின் அமைப்பிலேயே இருக்கிறது. ஒளியைப் பதிவு செய்யும் சென்சாரிலுள்ள புள்ளிகளுக்கு நிறம் தெரியாது. விழுகிற வெளிச்சம் எவ்வளவு என்பது மட்டுமே தெரியும். அதனால் ஒவ்வொரு புள்ளியின் மேலும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றில் ஏதாவது ஒரு நிற வடிகட்டியை வைக்கிறார்கள். கோடாக் நிறுவனத்தில் பணியாற்றிய பிரைஸ் பேயர் வகுத்து, 1976இல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு இது. இன்றைய பெரும்பாலான கேமராக்களிலும் கைபேசிகளிலும் இருப்பது இதுதான், அல்லது இதன் வழிவந்த ஒன்று. 24 மெகாபிக்சல் சென்சார் என்றால் 1.2 கோடிப் புள்ளிகள் பச்சையையும், 60 லட்சம் புள்ளிகள் சிவப்பையும், 60 லட்சம் புள்ளிகள் நீலத்தையும் அளக்கின்றன. ஒவ்வொரு புள்ளியிலும் விடுபட்டுப்போன மற்ற இரண்டு நிறங்களை அக்கம்பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்துக் கணக்கிட்டு நிரப்ப வேண்டியிருக்கிறது. அப்படி நிரப்பும்போது விளிம்புகள் சற்றே கரையத்தான் செய்யும். இது போதாதென்று, நெருக்கமான கோடுகள் உள்ள துணி, ஜன்னல் கம்பி போன்றவற்றில் வண்ண அலைகள் தோன்றாமல் இருப்பதற்காக, ஒளியை மிக லேசாகக் கலைத்துவிடும் ஒரு வடிகட்டியையும் பல கேமராக்களில் சென்சாருக்கு முன்னால் வைத்திருந்தார்கள். 2012இல் வந்த நிக்கான் டி800இ அந்த வடிகட்டியின் விளைவை இல்லாமல் செய்தது. பின்னர் வந்த பல கேமராக்களில் அந்த வடிகட்டியே இல்லை.

சென்சார் பதிந்ததை மெருகேற்றாமல் சேமிக்கும் ரா கோப்பாக எடுத்தால் இந்த மென்மை அப்படியே உங்கள் கைக்கு வரும். ஜேபெக்காக எடுத்தால் கேமராவே ஓரளவு கூர்மையாக்கித்தான் தரும். கைபேசிகள் இதில் இன்னும் தாராளமாக நடந்துகொள்கின்றன. எனவே கைபேசிப் படத்தில் ஷார்ப்பன் பக்கம் போவதற்கு முன் அதைப் பெரிதாக்கி விளிம்புகளைப் பாருங்கள். ஏற்கெனவே வெள்ளைக் கோடு கட்டியிருந்தால், அந்தப் படத்துக்கு இனி எதுவும் தேவையில்லை.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். கூர்மையாக்கும்போது மென்பொருள் உங்கள் படத்தில் புதிதாக எந்த விவரத்தையும் சேர்ப்பதில்லை. சிற்பத்தின் கண்ணிமை படத்தில் பதிவாகவில்லை என்றால் ஷார்ப்பன் அதைக் கொண்டுவந்து தராது. விளிம்பின் இருண்ட பக்கத்தை இன்னும் கொஞ்சம் இருட்டாக்குகிறது, வெளிச்சமான பக்கத்தை இன்னும் கொஞ்சம் வெளிச்சமாக்குகிறது. அது செய்வது அவ்வளவுதான். கோலத்துக்குக் காவி ஓரம் கட்டினால் மாவின் வெண்மை எடுத்துக் காட்டுகிறதே, அதே வேலைதான் இங்கும் நடக்கிறது. மாவு மாறவில்லை, பக்கத்தில் இருப்பது மாறியிருக்கிறது.

இதை எண்களில் பார்த்துவிட்டால் பிறகு எந்த மென்பொருளைத் திறந்தாலும் குழப்பம் இருக்காது. நிறத்தை விட்டுவிட்டு வெளிச்சத்தை மட்டும் பார்த்தால், படத்தில் ஒவ்வொரு பிக்சலும், அதாவது ஒவ்வொரு புள்ளியும், 0 முதல் 255 வரையிலான ஓர் எண். 0 முழுக் கறுப்பு, 255 முழு வெள்ளை. விமானத்தின் நிழல் விழுந்த விளிம்பு வானத்தைத் தொடும் இடத்தில் வரிசையாக ஆறு பிக்சல்களை எடுத்துக்கொள்வோம்:

100, 100, 120, 180, 200, 200

இடப்பக்கம் கல், வலப்பக்கம் வானம். 100இலிருந்து 200க்கு ஒரே தாவலாகத் தாவ வேண்டிய விளிம்பு, நடுவில் 120, 180 என்று இரண்டு படிகளில் ஏறுகிறது. நம் கண்ணுக்கு மழுக்கமாகத் தெரிவது இந்தப் படிகள்தான்.

மென்பொருள் முதலில் செய்யும் காரியம் கொஞ்சம் வியப்பானது. அது படத்துக்கு ஒரு பிரதி எடுத்து, அந்தப் பிரதியை வேண்டுமென்றே மங்கலாக்குகிறது. ஒவ்வொரு பிக்சலையும் அதன் இரு பக்கத்து அண்டையுடன் சேர்த்துச் சராசரி எடுத்தால், மங்கலான வரிசை ஏறத்தாழ இப்படி வரும்: 100, 107, 133, 167, 193, 200. அடுத்து, அசலிலிருந்து இந்த மங்கலைக் கழிக்கிறது. கிடைப்பது: 0, -7, -13, +13, +7, 0. இந்தக் கழித்தல் கணக்கில்தான் எல்லாம் இருக்கிறது. கல்லின் உட்பகுதியிலும் வானத்தின் உட்பகுதியிலும் விடை பூஜ்யம். விளிம்பில் மட்டும் எண்கள் எழுந்து நிற்கின்றன. அதாவது விளிம்பு எங்கே இருக்கிறது என்பதைக் கணினி இப்போது கண்டுபிடித்துவிட்டது. கடைசியாக இந்த வேறுபாட்டை அசலோடு கூட்டுகிறது:

100, 93, 107, 193, 207, 200

120க்கும் 180க்கும் இடையில் 60ஆக இருந்த ஏற்றம், 107க்கும் 193க்கும் இடையில் 86 ஆகிவிட்டது. விளிம்பு செங்குத்தாகிவிட்டது. கூடவே இன்னொன்றும் நடந்திருப்பதைக் கவனியுங்கள். அசலில் இல்லாத 93ம் 207ம் வந்திருக்கின்றன. கல்லைவிட இருண்ட ஒரு கோடு, வானத்தைவிட வெளிறிய ஒரு கோடு. இந்த அளவில் அது உறுத்தாது. ஆனால் அதே வேறுபாட்டை மூன்று மடங்காக்கிக் கூட்டினால் வரிசை 100, 80, 80, 220, 220, 200 என்று ஆகும். இப்போது விமானத்தைச் சுற்றி யாரோ வெள்ளைப் பென்சிலால் கோடு இழுத்ததுபோல் தெரியும். மிகையாகக் கூர்மையாக்கிய படங்களில் பார்க்கிறோமே, மரக்கிளைக்கும் மின்கம்பிக்கும் ஓரத்தில் ஓடும் வெள்ளை வளையம், அது இதுதான். படக்கலைஞர்கள் இதை ஹேலோ என்பார்கள்.

சரி, வெறும் ஓர மாற்றத்தைக் கண் ஏன் கூர்மை என்று ஏற்றுக்கொள்கிறது? ஏனென்றால் கண்ணே அதைத்தான் செய்கிறது. சாம்பல் நிறத்தின் வெவ்வேறு அடர்த்திகள் அடுத்தடுத்து வரும் இடங்களில், எல்லைக்கோட்டை ஒட்டி உண்மையில் இல்லாத ஒரு வெளிச்சப் பட்டையும் ஓர் இருட்டுப் பட்டையும் நமக்குத் தெரிவதை ஆஸ்திரிய இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் மாக் 1865இல் விளக்கி எழுதினார். விழித்திரையில் ஒரு செல் தூண்டப்படும்போது அது தன் பக்கத்துச் செல்களை அடக்குகிறது. எல்லைகள் எடுப்பாகத் தெரிவதற்கு அதுவே அடிப்படை. குதிரைலாட நண்டின் கண்ணில் இந்த ஏற்பாட்டை ஆராய்ந்த ஹால்டன் கெஃபர் ஹார்ட்லைன் 1967இல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். நாம் மென்பொருளில் ஸ்லைடரை இழுக்கும்போது, கண் பிறகு செய்யப்போகும் வேலையில் ஒரு பகுதியை முன்கூட்டியே படத்தில் செய்து வைக்கிறோம். இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

மங்கலாக்கிக் கழிக்கும் இந்த யோசனை கணினியில் பிறந்ததும் அல்ல. ஃபிலிம் காலத்து இருட்டறையில் இதைக் கையாலேயே செய்தார்கள். நெகட்டிவிலிருந்து வெளிறிய, சற்று மங்கலான ஒரு பாசிட்டிவ் பிரதியை வேறொரு ஃபிலிமில் எடுத்து, இரண்டையும் அச்சுப் பிசகாமல் ஒன்றன்மேல் ஒன்று வைத்து அச்சிடுவார்கள். பெரிய வெளிச்ச வேறுபாடுகளை அந்த மங்கலான பிரதி தணித்துவிடும். மங்கலான பிரதியில் பதிவாகாத நுண்ணிய விவரங்கள் மட்டும் தணியாமல் நிற்கும். பிறகு அழுத்தமான தாளில் அச்சிட்டால் அந்த விவரங்கள் எழுந்து வரும். 1970களின் பிற்பகுதியில் ஆங்கிலோ-ஆஸ்திரேலிய வானாய்வகத்தில் டேவிட் மாலின் இந்த முறையால், தொலைநோக்கியின் கண்ணாடித் தகடுகளில் அடர்ந்த கறுப்புக்குள் புதைந்துகிடந்த நெபுலாக்கள் எனும் விண்மேகங்களின் உள்ளமைப்பை வெளியே கொண்டுவந்தார். மங்கலான பிரதியை மேலே மறைப்பாக வைத்ததால் அந்த மறைப்புக்கு ‘அன்ஷார்ப் மாஸ்க்’ என்று பெயர். ஃபோட்டோஷாப்பிலும் கிம்ப்பிலும் கூர்மையாக்கும் கருவிக்கு இந்தப் பெயர் இருப்பதைப் பார்த்துப் புதியவர்கள் தயங்க வேண்டாம். நீங்கள் தேடுவது அதுவேதான். ஃபோட்டோஷாப்பில் ஃபில்டர் மெனுவில் ஷார்ப்பன் பிரிவிலும், கிம்ப்பில் ஃபில்டர்ஸ் மெனுவில் என்ஹான்ஸ் பிரிவிலும் இருக்கும். கிம்ப் இலவசம், இந்த வேலைக்குத் தாராளமாகப் போதும்.

கருவியைத் திறந்தால் மூன்று ஸ்லைடர்கள். மேலே போட்ட கணக்கு நினைவிலிருந்தால் மூன்றும் எளிது.

அமவுண்ட் என்பது வேறுபாட்டை எத்தனை மடங்கு கூட்டுவது என்பது. ஃபோட்டோஷாப்பில் சதவீதத்தில் இருக்கும், கிம்ப்பில் 0.5 என்றால் பாதி மடங்கு.

ரேடியஸ் என்பது பிரதியை எவ்வளவு தூரத்துக்கு மங்கலாக்குவது என்பது. மூன்றில் அதிகம் தவறாகப் பயன்படுத்தப்படுவது இதுதான். ரேடியஸைக் கூட்டினால் ஓரத்துக் கோட்டின் அகலம் கூடும். படத்தின் நுண்விவரம் எவ்வளவு அகலமோ அதற்கு ஏற்ப ரேடியஸும் இருக்க வேண்டும். தூரத்து மரத்தின் இலைகள், கோபுரத்துச் சுதைச் சிற்பங்கள், பறவையின் இறகு போன்றவை ஓரிரு பிக்சல் அகலமே இருக்கும், அவற்றுக்கு 0.5 முதல் 1 வரை போதும். முகத்தை அருகிலிருந்து எடுத்த படத்தில் இமை முடிகள் பல பிக்சல் அகலத்துக்கு இருக்கும், 1.5 வரை போகலாம். கிம்ப் தானாகக் காட்டும் ரேடியஸ் 3. விவரம் நிறைந்த படத்துக்கு அது அதிகம், முதல் வேலையாக அதைக் குறைத்துவிடுங்கள் என்றே சொல்வேன். அமவுண்ட் கூடிப்போனால் படம் முரடாகத் தெரியும். ரேடியஸ் கூடிப்போனால் இலைகளும் சிற்பங்களும் கனத்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, இருந்த விவரமும் அழிந்துவிடும். அதனால் ரேடியஸை முதலில் தீர்மானித்துவிட்டுப் பிறகு அமவுண்டுக்குப் போவது நல்லது.

ரேடியஸை வேண்டுமென்றே மிகப் பெரிதாக்கிப் பயன்படுத்தும் ஓர் உத்தியும் இருக்கிறது. ரேடியஸ் 40, 50 என்று வைத்து அமவுண்டை 15 அல்லது 20 சதவீதத்தில் நிறுத்தினால், கோடு எதுவும் தெரியாமல் படத்தின் உள்வேறுபாடு மட்டும் மெல்லக் கூடும். உச்சி வெயிலிலோ பனிமூட்டத்திலோ வெளிறிப்போன மலைக்காட்சிக்கு இது உயிர் கொடுக்கும்.

மூன்றாவது த்ரெஷோல்டு. வேறுபாடு இந்த எண்ணுக்குக் கீழே இருந்தால் தொடாதே என்று மென்பொருளுக்கு இடும் கட்டளை அது. இது ஏன் தேவை என்பதை நம் படத்தின் வானத்தில் பார்க்கலாம். கண்ணுக்கு ஒரே நீலமாகத் தெரியும் வானத்தைப் பெரிதாக்கினால் பிக்சல்கள் 198, 201, 199, 203 என்று சிறிதாகக் குதித்துக்கொண்டிருக்கும். இதுதான் நாய்ஸ், கேமராவின் ஒளியுணர்வு அளவான ஐஎஸ்ஓ கூடக்கூட இதுவும் கூடும். கணினிக்கு இந்தச் சிறு குதிப்பும் ஒரு விளிம்புதான். த்ரெஷோல்டை 0இல் விட்டுவிட்டால் கல்லோடு சேர்த்து வானத்தையும் கூர்மையாக்கி, நீலத்தில் மணல் தூவியதாக்கிவிடும். ஃபோட்டோஷாப்பில் 3 அல்லது 4 வைத்தால் வானம் தப்பிக்கும். மனித முகங்களில் 6 முதல் 10 வரை வைக்கலாம். தோலின் ஒவ்வொரு துளையையும் எடுத்துக் காட்டுவது யாருக்கும் மகிழ்ச்சி தராது.

லைட்ரூமில் த்ரெஷோல்டுக்குப் பதிலாக மாஸ்கிங் என்ற ஸ்லைடர் இருக்கிறது. ஆல்ட் விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டு அதை நகர்த்தினால் படம் கறுப்பு வெள்ளையாக மாறும். வெள்ளையாக இருக்கும் இடத்தில் மட்டும் கூர்மை ஏறும், கறுப்பில் ஏறாது. வானம் முழுக்கக் கறுத்து, சிற்பங்களின் கோடுகள் மட்டும் வெள்ளையாக நிற்கும் இடத்தில் நிறுத்துங்கள். கூர்மை எங்கே சேர வேண்டும் என்பதைக் கண்ணால் பார்த்துக் கற்க இதைவிடத் தெளிவான கருவியை நான் பார்த்ததில்லை. கைபேசியில் ஸ்னாப்சீட் வைத்திருப்பவர்களுக்கு டீடெயில்ஸ் பகுதியில் ஸ்ட்ரக்சர், ஷார்ப்பனிங் என இரண்டு உண்டு. முதலாவது பரப்பின் சொரசொரப்பை எழுப்பும், இரண்டாவது விளிம்பைத் தொடும். இரண்டையும் ஒருசேர உச்சத்துக்கு இழுக்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது. நல்ல படங்கள் பல அதில் கெட்டுப்போகின்றன.

எந்த வரிசையில் செய்வது என்பதும் ஸ்லைடரின் எண்களைப் போலவே முக்கியம். நாய்ஸைக் குறைப்பது முதலில். வெளிச்சம், நிறம், வெட்டுதல் எல்லாம் அடுத்து. பிறகு, படம் எந்த அளவில் பார்க்கப்படுமோ அந்த அளவுக்குச் சிறிதாக்க வேண்டும். கூர்மையாக்குவது எல்லாவற்றுக்கும் கடைசியில். 6000 பிக்சல் அகலப் படத்தில் அழகாகக் கூர்மையாக்கிவிட்டு, பிறகு 1500 பிக்சலாகச் சுருக்கினால், ஒரு பிக்சல் அகலத்தில் கட்டிய ஓரமெல்லாம் கால் பிக்சலாகிக் காணாமல்போகும். சுருக்கும்போது ஏற்படும் மென்மையும் புதிதாக வந்து சேரும். ரா கோப்பின் இயல்பான மழுக்கத்தை மட்டும் நீக்க ஆரம்பத்திலேயே மிக லேசாக ஒரு முறை கூர்மையாக்குவது உண்டு. லைட்ரூம் ரா படங்களுக்கு அதைத் தானாகவே செய்கிறது. முடிவாகச் செய்யும் கூர்மை அதிலிருந்து வேறு.

ஸ்லைடரை நகர்த்தும்போது படத்தை 100 சதவீத அளவில் வைத்துப் பாருங்கள், அதாவது படத்தின் ஒரு பிக்சல் திரையின் ஒரு பிக்சலில் விழும் அளவில். 33 சதவீதம், 67 சதவீதம் போன்ற அளவுகளில் திரையில் தெரிவது மென்பொருள் அவசரமாகச் சுருக்கிக் காட்டும் தோற்றம். அதை நம்பித் தீர்மானிக்க முடியாது. 2000 பிக்சல் அகலத்தில் இணையத்தில் இடப்போகும் படத்துக்கு ஃபோட்டோஷாப்பில் ரேடியஸ் 0.6, அமவுண்ட் 100, த்ரெஷோல்டு 2 என்று தொடங்கலாம். அமவுண்டை மெல்ல ஏற்றுங்கள். விளிம்பில் வெள்ளைக் கோடு கண்ணில் படத் தொடங்கியதும் அங்கிருந்து மூன்றில் ஒரு பங்கு கீழே இறக்குங்கள்.

அசல் லேயரை, அதாவது படம் இருக்கும் அடுக்கை, தொடாமல் அதன் நகலில் செய்வது நல்லது. அந்த நகல் லேயரின் கலப்பு முறையை ஃபோட்டோஷாப்பில் லூமினாசிட்டி என்று மாற்றினால், வெளிச்ச வேறுபாடு மட்டும் கூடும். சிவப்புப் புடவைக்கும் பச்சை வயலுக்கும் நடுவில் வேண்டாத நிறக்கோடு முளைக்காது. அதே லேயரில் மாஸ்க் போட்டு வானத்தையும் பின்னணி மங்கலையும் கறுப்புத் தூரிகையால் தடவிவிட்டால் அங்கே கூர்மை தெரியாது. பறவைப் படம் எடுப்பவர்கள் பலர் கண், அலகு, இறகு ஆகியவற்றை மட்டும் கூர்மையாக்கிவிட்டுப் பின்னணியைத் தொடாமலே விடுகிறார்கள். சரியான முறை அது. வாட்ஸ்அப்பில் பலமுறை கைமாறி வந்த படமானால் கூர்மையாக்குவதைத் தவிர்த்துவிடுங்கள். ஜேபெக் முறை படத்தை 8×8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குகிறது. அந்தக் கட்டங்களின் எல்லைகளைத்தான் மென்பொருள் முதலில் எடுத்துக் காட்டும்.

கை ஆடிப்போன படத்தையும் ஃபோகஸ் தவறிய படத்தையும் அன்ஷார்ப் மாஸ்க் காப்பாற்றாது. அங்கே விளிம்பு பல பிக்சல்களுக்குச் சிதறிக் கிடக்கிறது. அதற்கு வேறு கணக்கு வேண்டும்: மங்கல் எப்படி ஏற்பட்டது என்று தெரிந்தால் அதைப் பின்னோக்கி அவிழ்ப்பது. வில்லியம் ரிச்சர்ட்சன் 1972லும் லியோன் லூசி 1974லும் தனித்தனியாகக் கண்ட வழி இதற்குப் பெயர்பெற்றது. 1990இல் ஏவப்பட்ட ஹபிள் விண்வெளித் தொலைநோக்கியின் பெரிய ஆடி, ஓரத்தில் 2.2 மைக்ரான் அளவுக்குக் கூடுதலாகத் தட்டையாகத் தேய்க்கப்பட்டிருந்தது. 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் போய்ச் சரிசெய்யும்வரை, அதன் மங்கலான படங்களை மீட்க இந்தக் கணக்கும் உதவியது. நட்சத்திரம் ஒரு புள்ளியாக விழ வேண்டியது. அது எப்படிப் பரவி விழுந்திருக்கிறது என்று பார்த்தாலே மங்கலின் வடிவம் கிடைத்துவிடும் என்பது வானியலாளர்களுக்கு இருந்த வசதி. நம் வீட்டுக் கல்யாணப் படத்தில் அப்படிக் கையில் கிடைக்கும் நட்சத்திரம் இல்லை. ஆனாலும் ராதெரப்பி என்ற இலவச மென்பொருளில் இந்த ரிச்சர்ட்சன்-லூசி முறை இருக்கிறது. லேசான மழுக்கத்துக்கு முயன்று பார்க்கலாம்.

செயற்கை நுண்ணறிவால் கூர்மையாக்கும் கருவிகள் இவை எல்லாவற்றிலிருந்தும் வேறு. அவை படத்தில் இல்லாத விவரத்தைத் தாம் கற்ற லட்சக்கணக்கான படங்களின் பழக்கத்திலிருந்து ஊகித்து வரைகின்றன. பூவுக்கும் பறவைக்கும் அது பொருந்திவிடலாம். பெரிய கோயிலின் அடித்தளமான அதிட்டானத்தில் ஓடும் கல்வெட்டுகளைப் படமெடுப்பவர் அதைச் செய்யக் கூடாது. அக்காலக் கல்வெட்டுகளில் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இடுவதில்லை. ரகரமும் காலும் ஒரே வடிவில் இருக்கும். கல்லில் ஏற்பட்ட ஒரு பொறிவை அந்தக் கருவி அழகான புள்ளியாக வரைந்துவிட்டால், படிப்பவர் வேறொரு சொல்லைப் படிப்பார். அன்ஷார்ப் மாஸ்க் மிகையானால் படம் அசிங்கமாகும். இது மிகையானால் படம் பொய் சொல்லும், அதுவும் நம்பும்படி சொல்லும். ஆவணமாகும் எந்தப் படத்திலும் அசல் கோப்பைத் தனியே வைத்துவிட்டு, சாதாரணக் கூர்மையோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

அச்சிடுவதானால் திரையில் பார்த்த அளவு போதாது. சாதாரண மேசைக் கணினித் திரையில் ஒரு பிக்சல் ஏறத்தாழ கால் மில்லிமீட்டர். ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல் என்று அச்சிடும் தாளில் அது 0.085 மில்லிமீட்டர். 30 சென்டிமீட்டர் தூரத்திலிருந்து நல்ல கண்பார்வை பிரித்தறியக்கூடிய எல்லையே ஏறத்தாழ அவ்வளவுதான். எனவே திரையில் உறுத்தும் ஒரு பிக்சல் ஹேலோ தாளில் தெரியாது, அதன் பலன் மட்டும் தெரியும். பளபளப்பில்லாத மேட் தாளில் மை சற்றுப் பரவும் என்பதால் இன்னும் கொஞ்சம் கூட்டலாம். பெரிய அளவில் அச்சிடுவதற்கு முன் ஒரு சோதனை செய்துவிடுங்கள்: படத்தின் முக்கியமான பகுதி ஒன்றை, அளவைச் சுருக்காமல் வெட்டியெடுத்து, அமவுண்ட் 100, 150, 200 என்று மூன்று விதமாகக் கூர்மையாக்கி, பக்கம் பக்கமாக ஒட்டி, ஒரே 4×6 அட்டையில் அச்சிட்டு வாங்குங்கள். சில ரூபாய்தான் ஆகும். அதைப் பகல் வெளிச்சத்தில் கையில் பிடித்துப் பார்த்து, பெரிய படத்துக்கு எந்த எண் என்று முடிவு செய்யலாம்.